திரையோர நாற்காலி

ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் சார். சொல்கிறவர்கள் எல்லாம் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். எனக்குப் பொழுது போதவே இல்லை. காலையில் நூலகம். வந்ததும் சமையலறை, நான் ஓய்வு பெற்ற அன்றே என் மனைவியிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன். மாலையில் சமுதாயக் கூடத்தில் நாடக ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து, தொலைக்காட்சியில்தான், ஆனால் மைதானத்தில் இருப்பவனைவிட அதிகமாகக் கத்துவேன். உங்களுக்கும் தலை நரைத்துக்கொண்டு வருகிறது. இப்போதே எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன். மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வராது என்று சொல்வது என் வேலை. ஊரே என் குரலைக் கேட்டு மூட்டை முடிச்சோடு ஓடியிருக்கிறது. முகத்தை ஒருவருக்கும் தெரியாது. கடையில் நின்று வாயைத் திறந்தால்தான், "அட, நீங்கதானா அது" என்பார்கள். சொல்லிவிட்டு உடனே அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். வேலையை விட்டு வரும்போது எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. ஒரு தடவை வெளிச்சத்தில் நிற்க வேண்டும், பேசுகிறவன் யார் என்று சனம் பார்க்க வேண்டும். அற்ப ஆசைதான். அதற்காகத்தான் நாடகக் குழுவில் சேர்ந்தேன்.

குழு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எல்லாம் என் வயதுக் கிழங்கள். நாடகம் எழுதி இயக்குகிறவர் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்ந்தவர், எங்களுக்கு அவர் வாத்தியார். உடுப்பு, மேசை நாற்காலி, தட்டுமுட்டுச் சாமான், திரை இழுப்பது எல்லாம் டெய்லர் பொறுப்பு. நீங்கள் முதலில் கூப்பிட்டு விசாரித்தீர்களே, அவர்தான். பாவம், மேடையில் வைத்த சாப்பாடு சின்னதாக நறுக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டோமே என்று இன்னும் அழுதுகொண்டிருக்கிறார். அவரை விட்டுவிடுங்கள். அவர் தட்டை வைத்தார், அவ்வளவுதான். தட்டில் இருந்தது என்னுடையது.

மச்சானைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவியின் அண்ணன். வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் வாசனைச் சோப்பு விற்றவர். ஆளைப் பார்த்தாலே கடைக்காரன் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துக்கொள்வான், அப்படி ஒரு முகம். அவர் மனைவி இறந்தார், பிறகு பக்கவாதம் வந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. என் மனைவி போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "கொஞ்ச நாளைக்குத்தாங்க, அண்ணன் தேறினதும் போயிருவாரு," என்றாள். அவர் தேறினார். போகவில்லை.

எனக்கு அவர்மேல் பொறாமை எதுவும் கிடையாது. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மனிதர். என் துப்பறியும் நாவல்களை எனக்கு முன்னால் படித்துவிடுவார், அவ்வளவுதான். நான் சமைத்துக்கொண்டிருப்பேன், கூடத்திலிருந்து குரல் வரும்: "மாப்பிள்ளை, அந்தத் தோட்டக்காரன் இல்ல, டாக்டர்தான் பண்ணினது. நீங்க யாருன்னு நினைச்சீங்க?" புத்தகத்தை அப்படியே நூலகத்தில் கொடுத்துவிடுவேன். கால்பந்தும் அப்படித்தான், நான் பார்ப்பது மறுஒளிபரப்பு. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பேன், அவர் கைபேசியில் முடிவைப் பார்த்துவிட்டு, "தோத்துருவாங்க மாப்பிள்ளை, வீணா தொண்டை கட்டிக்காதீங்க," என்பார். அன்பாகத்தான் சொல்வார். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் சொன்ன நகைச்சுவைக்கு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசிப்பேன். யோசிப்பது குற்றம் இல்லையே.

சாப்பாட்டு விஷயம்தான் உங்களுக்கு முக்கியம். பக்கவாதத்தில் அவருக்குத் தொண்டை பலம் இழந்துவிட்டது. மருத்துவமனையில் ஒரு பெண் அவருக்கு விழுங்கப் பயிற்சி கொடுத்தாள். வீட்டில் சமைப்பவன் நான் என்பதால் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "எல்லாத்தையும் மசிச்சுக் குடுங்க சார். காய்ஞ்ச ரொட்டி, நார் நாரா இருக்கிற கறி, எதுவும் கூடாது. முழுங்கும்போது தாடை நெஞ்சுல படணும். வாய்ல சாப்பாடு இருக்கும்போது பேசவே விடாதீங்க." நான் நல்ல மாணவன். ஒரு வேளை தவறாமல் மசித்துக் கொடுத்தேன். காய் வேறு, கறி வேறு, நிறம் கலக்காமல். ருசியும் குறைய விடவில்லை. என் மனைவி அக்கம்பக்கத்தில் எல்லாம், "இவரு இல்லன்னா அண்ணன் இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "எத்தனை நாளைக்கு மாப்பிள்ளை இந்தக் கூழு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், பல்லுக்கு வேலை குடுங்க," என்று கெஞ்சுவார். நான் மறுத்துவிடுவேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கேட்டது அவர்.

நாடகத்துக்கு வருகிறேன். வாத்தியார் எழுதியதிலேயே அதுதான் நல்ல நாடகம். ஒரு தகப்பன், பிள்ளைகள் வருகிறார்கள் என்று மேசை நிறையச் சாப்பாடு வைத்துக் காத்திருக்கிறான். ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலிருந்தும் எடுத்துத் தானே தின்றபடி, அந்தந்தப் பிள்ளையைத் திட்டுகிறான். முழுக்க ஒரே ஆள் பேசுவது. அந்தத் தகப்பன் வேடம் எனக்குத்தான் கொடுக்கப்பட்டது. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தேன். குளிக்கும்போது வசனம், வெங்காயம் நறுக்கும்போது வசனம். வாத்தியார், "குரல் பிரமாதம், முகம்தான் இன்னும் திறக்க மாட்டேங்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். திறந்துவிடும் என்று நான் நம்பினேன்.

ஒரு நாள் மழை. மச்சான் குடையோடு என்னைக் கூட்டிப்போக வந்தார். தடி ஊன்றிக்கொண்டு, எனக்குக் குடை கொண்டுவந்தார், பாருங்கள். சும்மா இருக்கிறாரே என்று வாத்தியார் அவர் கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். விளையாட்டாகத்தான். அவர் படித்தார். வாய் லேசாகக் கோணி, வார்த்தை குழறி, ஒரு கண் தானாகக் கலங்க. டெய்லர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க, வேஷத்தை உங்க மச்சான் போடட்டும். உங்களுக்கு மொத்த வசனமும் மனப்பாடம். ஓரத்துல உக்காந்து அவருக்கு எடுத்துக் குடுங்க. உங்க குரல் இல்லாம இது நடக்காது." திரை ஓரத்தில், சனத்தின் கண்ணில் படாத இடத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். என்னை மறுபடியும் அந்த மாடி அறைக்கே அனுப்பிவிட்டார்கள். அன்று எனக்கு வலித்தது சார், மறைக்க மாட்டேன். மச்சான் வந்து, "நான் வேணாம்னு சொல்லிரட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அதுவும் என் மனைவி முன்னால் கேட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சேச்சே, நீங்க பண்ணுங்க மச்சான்," என்றேன்.

மேடையில் வெறும் தட்டை வைத்து நடித்தால் போதும் என்பதுதான் வாத்தியார் முடிவு. உண்மையான சாப்பாடு இருந்தால்தான் காட்சி எடுபடும் என்று சொன்னவன் நான். "அவருக்கு ஒத்துக்குமா?" என்று தயங்கினார். வீட்டில் சமைத்துப் போடுகிறவனே நான்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒத்திகைகளில் மசித்ததையே கோழித் தொடை வடிவில் பிடித்து, மேலே நிறத்துக்குக் கொஞ்சம் வறுத்த மாவு தூவிக் கொடுத்தேன். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கைவேலையில் நான் சளைத்தவன் இல்லை. என் மனைவி ஒத்திகை பார்க்க வருகிறேன் என்றபோது, கதை தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் என்று தடுத்துவிட்டேன். கதை தெரிந்துவிடும் கொடுமை எனக்குத் தெரியுமே.

அரங்கேற்றத்தன்று உண்மையான கோழியை வறுத்தேன். முறுகலாக, காய்ந்த மார்புத் துண்டுகள், பெரிது பெரிதாக. பக்கத்தில் காய்ந்த ரொட்டி. தண்ணீர்க் குவளை காலியாக இருந்தது, நாடகத்தில் அது காலியாகத்தான் இருக்க வேண்டும்.

என்ன நினைத்துச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். அவர் இருமுவார், வசனம் தடுமாறும், முன்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். கொல்லும் எண்ணம் இல்லை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம், அடித்துவிடுங்கள். அந்த மாதிரி வாக்கியத்தை நாவலில் படித்தால் நானே சிரிப்பேன்.

மேடையில் தட்டின் மூடியைத் திறந்ததும் மச்சானுக்கு வாசனை தெரிந்துவிட்டது. ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தார். கண் பளபளத்தது. அவர் கேட்டதை நான் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் பரிசு. அந்தப் பார்வையை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு எடுத்துக் கடித்தார். கடித்தபடியே மூத்த பிள்ளையைத் திட்டினார், இரண்டாவது பிள்ளையைத் திட்டினார். அழகாகச் செய்தார். மூன்றாவது தட்டுக்குப் போனபோது பேச்சு நின்றது.

நின்றுபோன பேச்சுக்கு என் வேலை வசனம் எடுத்துக் கொடுப்பது. ஆனால் அவர் வசனத்தை மறக்கவில்லை. அடைத்துக்கொண்டவனுக்கு இருமல்கூட வராது சார், சத்தமே இருக்காது. மேசையைக் குத்தினார். தட்டு உருண்டது. எழுந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். எனக்கும் அவருக்கும் நடுவே உங்கள் மேசை அளவுதான் தூரம். வராத பிள்ளைகளுக்காகத் தகப்பனுக்குத் தொண்டை அடைக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். வாத்தியாரே அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார், இவர் சொந்தமாகச் சேர்த்து நடிக்கிறார் என்று. அது நாடகத்தில் இல்லை என்று சந்தேகம் இல்லாமல் தெரிந்தவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான்.

மருத்துவர் விபத்து என்று எழுதிக்கொடுத்துவிட்டார். காரியம் எல்லாம் முடிந்தது. மேடையிலேயே உயிரை விட்ட கலைஞன் என்று ஊர் பேசுகிறது. கூடத்தில் அவர் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஒருவராவது சமையலைப் பற்றிப் பேசவில்லை. இப்போது யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். யார் என்று சொல்ல மாட்டீர்கள், சரி. குழுவில் எனக்கு ஆகாதவர்கள் உண்டு.

நான் கையால் சைகை காட்டினேனா என்று நீங்கள் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆமாம், காட்டினேன். மச்சான் கழுத்தைப் பிடித்ததும் என் மனைவி முன்வரிசையில் எழுந்துவிட்டாள். அவளுக்கு அவர் தொண்டை தெரியும். மேடையைப் பார்த்தாள், அப்புறம் ஓரத்தில் என்னைத் தேடினாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து மட்டும்தான் என் நாற்காலி தெரியும், அந்த இருக்கையை அவளுக்குப் பிடித்துவைத்ததே நான்தான். இது நாடகமா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் கையில் இருந்த வசனத்தாளை விரலால் தட்டிக்காட்டினேன். இதில் இருக்கிறது என்று. பிறகு உள்ளங்கையைத் தாழ்த்தி, உட்கார் என்று காட்டினேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை நம்புகிறவள், உட்கார்ந்தாள். அவர் விழுந்ததும் முதலில் கை தட்டியவளும் அவள்தான். அவள் மேடை ஏறியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும்.

அவள் அதைப் பற்றி என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கம், வேறொன்றும் இல்லை. தனியாக அடுப்பு வைத்துக்கொண்டு தனக்குத் தானே சமைத்துக்கொள்கிறாள், நான் வைக்கும் தண்ணீரைக்கூடத் தொடுவதில்லை. நாளாக ஆகச் சரியாகிவிடும். நேற்று உங்கள் அலுவலகப் பக்கம் அவளைப் பார்த்ததாக டெய்லர் சொன்னார். கடைக்கு வந்திருப்பாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் அதே நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். வேடம் எனக்குத்தான், வேறு ஆளுக்கு வசனம் தெரியாது. என்னை உள்ளே வைப்பதாக இருந்தால் அதற்குப் பிறகு வையுங்கள். முன்வரிசையில் அவளுக்கு அதே இடத்தைச் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த முறை முகம் திறந்துவிடும். அவள் வருவாள், கை தட்டுவாள்.