தீச்சுவருக்கு இந்தப் பக்கம்

— இதோட மூணாவது தடவை அந்த ப்ளேன் ரெக்கையக் காட்டிட்ட, டெல்மர். மனப்பாடமே ஆயிடுச்சு.

— பாத்தா மட்டும் போதுமா மார்லிஸ்? காதால கேளு. மீட்டரோட ஒரு முனைய பெட்ரோல் ஊத்தற வாயில வைக்கறேன். இன்னொரு முனை புகைக்குழாயில. பீப்! கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— இப்ப வலது டேங்க். பீப்! ஃபைபர் ரெக்கையில டேங்க் வாய் எதோடயும் ஒட்டு உறவு இல்லாம தனியா நிக்கும். ஊத்த ஊத்த அதுல மின்சாரம் சேரும். பட்டுனு ஒரு பொறி பறந்தா கதை முடிஞ்சுது. நான் ரெண்டுக்கும் எர்த் கம்பி போட்டு இன்ஜின் வரைக்கும் இழுத்துட்டேன்.

— வாஷருக்கு அடியில பெயிண்ட சுரண்டினியா?

— பளிச்சுனு உலோகம் தெரியற வரைக்கும் சுரண்டினேன்.

— நீ காசு மிச்சம்னு டவுன்லருந்து கார் பெட்ரோல பிளாஸ்டிக் கேன்ல அள்ளிட்டு வர்ற ஆளு. பிக்கப் வண்டியில பின்னாடி பிளாஸ்டிக் விரிப்பு. போட்டிருக்கற சட்டையக் கழட்டினா படபடன்னு பொரியும். அக்டோபர் காத்து வேற காஞ்சு கிடக்கு. உன் கொட்டகைக்கு ரெண்டு வீடு தள்ளி என் படுக்கை இருக்கு, அதான் கேட்டேன்.

— கேன தரையில இறக்கி வச்சு, உலோகப் புனலுக்குக் கம்பி மாட்டினதுக்கு அப்புறம்தான் ஒரு சொட்டு ஊத்துவேன். வேணும்னா கோரின் கிட்ட கேட்டுப் பாரு.

— உன் பொண்டாட்டி கேக்காமலே சொல்லிட்டா. இந்த ஊர்ல நான் எதையும் தேடிப் போறதில்ல. எல்லாம் தானா வந்து என் காதுல விழும்.

— அப்ப சரி. வெள்ளிக்கிழமை ப்ளேன் கிளப்புல என்னப்பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லு. காப்பி குடிச்சாச்சுல்ல?

— விரட்டறியா? எனக்கென்ன, நான் போயிடுவேன். ஆனா கிளப்புல எனக்குக் குடுத்திருக்கற பதவி என்னன்னு மறந்துடாத. பாஸ் போட முடியாது, ஃபெயிலும் போட முடியாது. அடுத்தவங்க வீட்ல கட்டற ப்ளேன்ல மூக்க நுழைக்கலாம், அவ்வளவுதான். சம்பளம் ஒரு துண்டு ருபார்ப் கேக். அந்த மூக்கு இப்ப என்னமோ சொல்லுதே!

— என்ன சொல்லுது?

— பசை வாசம் அடிக்குது. ரெக்கைய மூணு தடவை காட்டின மனுஷன் கேபின் கதவ ஒரு தடவைகூட திறக்கலையே, ஏன்?

— உள்ள ஒண்ணுமில்ல. குனிஞ்சா உனக்கு இடுப்பு வலிக்கும்.

— வம்புன்னு வந்துட்டா என் இடுப்பு வில்லா வளையும். தள்ளு. அந்த டார்ச் லைட்டக் குடு. ஹ்ம்... பெடல் இருக்கு... உன் பழைய ப்ளேன் மாதிரியே ரெண்டு சீட்டுக்கும் கைப்பிடி, ஒண்ண அசைச்சா மத்ததும் அசையுது... ஏம்பா, தீச்சுவர் எங்க?

— அங்கதான் இருக்கு.

— போன மாசம் நீ சோதனை ஓட்டமெல்லாம் முடிச்சுட்டுக் கூப்பிட்டுக் காட்டினப்ப எஃகுத் தகடு கண்ணாடி மாதிரி நின்னுச்சு. இன்ஜினுக்கும் உன் முழங்காலுக்கும் நடுவுல இருக்கறது அது ஒண்ணுதான். இப்ப அங்க கருப்பா மெத்தை மாதிரி ஏதோ இருக்கு.

— ஃபோம். சத்தத்துக்காக ஒட்டினேன்.

— எந்தப் பக்கம் ஒட்டியிருக்க?

— அதான் பாக்கறியே.

— உன் வாயால கேக்கணும்.

— ஆளு உக்கார்ற பக்கம்.

— தாராளமா பசையும் தடவி?

— நல்லா பிடிக்கட்டும்னு ரெண்டு கோட் தடவினேன். இங்க பாரு மார்லிஸ், டப்பாவிலயே போட்டிருக்கு, தீப்பிடிக்காதுன்னு.

— என் மருமகன் கல்யாணத்தப்ப குடிக்கவே மாட்டேன்னான். வாசல்ல கிடக்கற அந்தத் தகட்டுத் துண்டு தீச்சுவருக்கு வெட்டினதுல மிஞ்சினதுதானே? அதுல ஒரு பக்கம் ஃபோம ஒட்டு. கேஸ் பர்னர எடு. வெளிய வா.

— இப்பவா?

— இல்ல, நீ ஆகாசத்துல இருக்கும்போது பாத்துக்கலாம். வா.

— சரி. இடுக்கியில பிடிச்சுக்க. கை பத்திரம்.

— நீ நெருப்ப வெறும் தகட்டு மேல மட்டும் காட்டு. ஃபோம் பக்கமே போகக்கூடாது. நியாயமா நடத்துவோம், அப்புறம் கிழவி ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது.

— காட்டறேன்... பாரு, ஒண்ணும் ஆகலையே.

— பொறு.

— தகடு சிவக்குது.

— பின்னாடி பாரு.

— புகையுது.

— ஃபோமா பசையா?

— ரெண்டும். ஐயோ, என்ன கருப்பா வருது! மூச்சு முட்டுது மார்லிஸ், போடு, கீழ போடு!

— நெருப்பு தொட்டுச்சா?

— இல்ல.

— தொடவே இல்ல. சூடு போதும் அதுக்கு. இது சின்னத் துண்டு, சுத்தி வயக்காடு, நமக்கு ஓடறதுக்கு வழி இருக்கு. அங்க கதவ மூடிப் பூட்டிக்கிட்டு ரெண்டு பேர் உக்காந்திருப்பீங்க. அந்தப் பக்கம் ஒரு எண்ணெய்க் குழாய் கசிஞ்சு எரிஞ்சா, தகடு தாங்கும். அதுக்குத்தான் அத வச்சிருக்கு. இறங்கற வரைக்கும் உனக்கு நேரம் வாங்கித் தரும். நீ அது முதுகுல விறக அடுக்கி வச்சிருக்க.

— விடு மார்லிஸ்.

— எர்த் கம்பிக்கு அடியில பெயிண்ட சுரண்டற மனுஷன் இத யோசிக்காமயா செஞ்ச?

— யோசிச்சேன்.

— யோசிச்சுமா?

— இன்ஜின் பக்கம் தீயத் தாங்கற செராமிக் கம்பளி வச்சு மேல மெல்லிசு தகடு போடலாம்னு தெரியும். அதுக்கு இன்ஜினக் கழட்டணும். மறுபடி மாட்டணும், மறுபடி சரிபாக்கணும். பனி விழுந்துடும். கோரின் சனிக்கிழமை வர்றேன்னிருக்கா.

— இந்த சனிக்கிழமையா? கோரினா? உன்கூட? இது எப்படி என் காதுல விழாம போச்சு?

— அவ அக்காவப் பாக்க, டெக்கோரா ஊருக்கு. ஒரு மணி நேரம்தான். அவ பழைய ப்ளேன்ல கடைசியா வந்ததும் அங்கதான்.

— அதுக்கப்புறம் அவ ஏறவே இல்லைன்னு தெரியும். ஏன்னுதான் யாரும் சொல்லல. நானும் அவகிட்ட என்னென்னவோ கேட்டுப் பாத்தேன்.

— சத்தம். வேற ஒண்ணுமில்ல. அன்னிக்கு நல்ல வெயில், சாயங்காலம் திரும்பி வர்றோம். சூரியன் நேரா மூஞ்சில. இறங்கற நேரத்துல கீழருந்து காத்து ஒரு தூக்கு தூக்கிச்சு, ஓட்டற கைப்பிடியே என் கையில துள்ளிச்சு. அப்புறம் கொஞ்சம் குதிச்சு இறங்கினோம். யாருக்கும் ஒரு கீறல் இல்ல. வண்டிய நிறுத்தினதும் அவ காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. என்னம்மான்னேன். சத்தம் தாங்கல டெல்மர், மண்டை இடிக்குது, இனிமே வரமாட்டேன்னா.

— ஹ்ம்.

— அதனால அந்த ப்ளேன வித்தேன். மாட்டையும் வித்தாச்சு, வேலைன்னு எதுவும் இல்ல. சத்தமில்லாம ஒண்ணு கட்டுவோம்னு ஆரம்பிச்சேன். புகைக்குழாய மாத்தினேன். கதவுக்கு ரெட்டை ரப்பர் வச்சேன். எல்லாம் பண்ணியும் சோதனை ஓட்டத்துல காது அடைச்சுக்கிச்சு. சத்தம் அந்தத் தகடு வழியாத்தான் வருது. அதனால ஒட்டினேன். இப்ப உள்ள உக்காந்தா தேவாலயம் மாதிரி இருக்கு.

— சவப்பெட்டிகூட அமைதியாத்தான் இருக்கும்.

— உனக்கு எல்லாம் கிண்டல். நாப்பது வருஷம் அந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்து வரைபடத்த மடியில விரிச்சு வச்சுக்கிட்டு, அதோ ஏரி, அதோ பள்ளிக்கூடம்னு சொல்லிக்கிட்டு வந்தவ. அந்த சீட்டு காலியா இருந்தா நான் எதுக்குப் பறக்கணும்? ப்ளேன் தீப்பிடிக்கறது லட்சத்துல ஒண்ணு. சத்தம் இருந்தா கோரின் வராம போறது நிச்சயம்.

— அந்தக் கணக்க அவகிட்ட சொன்னியா?

— இல்ல.

— சொல்லு. உக்காரப் போறவ அவ.

— சொன்னா வரமாட்டா.

— நான் ஊர் வம்பு பேசறவதான், ஒத்துக்கறேன். ஆனா இத நான் கிளப்புல பேசமாட்டேன். நீ சொல்லலேன்னா நேரா உன் சமையலறைக்குப் போய் சொல்லுவேன்.

— மெதுவா பேசு. அவளே வர்றா.

— டெல்மர்! என்ன அது புகை? ஜன்னல்லருந்து பாத்தா கொட்டகையே எரியற மாதிரி இருந்துச்சு. அடுப்ப அப்படியே போட்டுட்டு ஓடி வர்றேன்.

— ஒண்ணுமில்ல கோரின். மார்லிஸ் ஏதோ குப்பைய...

— நான் குப்பை எரிக்க அடுத்த வீட்டுக்கு வர்றவ இல்ல, டெல்மர்.

— யாராவது ஒருத்தர் சொல்லுங்க. இது என்ன வாசம்?

— ஃபோம், கோரின். சத்தத்த அடக்க தீச்சுவர்ல ஒட்டினேன். நம்ம கால் பக்கம். அது... சூடானா இப்படி ஆகும்னு மார்லிஸ் காட்டினா.

— காட்டறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சேவா அதுல என்ன உக்கார வைக்க இருந்த?

— உனக்காகத்தான் ஒட்டினேன். சத்தம் தாங்கலன்னியே.

— அத பிச்சுப் போடு டெல்மர்.

— பிச்சா பழையபடி காது அடைக்கும். நீ வரமாட்ட.

— பிச்சுப் போடு. சத்தம் என்ன ஒண்ணும் பண்ணாது. ஒருநாளும் பண்ணினதில்ல.

— அப்ப நான் கிளம்பறேன். அடுப்பு வேற எரியுதுன்னா. வேணும்னா நான் போய் அணைச்சுட்டு...

— இரு மார்லிஸ். எப்படியும் கொட்டகைக்குப் பின்னாடி நின்னு கேக்கத்தான் போற. இங்கயே நின்னு சரியா கேட்டுக்க. ஊருக்குத் தப்பா போகக்கூடாது.

— ஒருநாளும் பண்ணினதில்லைன்னா என்ன அர்த்தம், கோரின்? அன்னிக்குக் காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தியே?

— ஏதாவது ஒண்ணு சொல்லணுமே. வாயில வந்தது அது. நீ புதுசா கட்டறேன்னதும், சரி, இங்க ஆளாளுக்கு பதினஞ்சு வருஷம் கட்டறாங்க, இவனும் பாதியில விட்டுடுவான்னு நெனச்சேன். நீ முடிச்சுட்ட.

— அப்ப சனிக்கிழமை வர்றேன்னது? அதுவும் பொய்யா?

— அது நிஜம். சோதனை ஓட்டம்னு நீ தனியா போன ஒவ்வொரு தடவையும், திரும்பி வந்து நிக்கற வரைக்கும் ஜன்னல விட்டு நகரல. இனிமே தனியா விட மனசு கேக்கல. அதான்.

— நல்லாத்தானே ஓட்டறேன்! மார்லிஸ், நீயே சொல்லு. ஓடுபாதை பக்கம்தானே உன் வீடு, எல்லாத்தையும் பாக்கறவதானே நீ. நான் எறங்கறதுல என்ன குறை?

— என்ன கேக்காத டெல்மர். அவளக் கேளு.

— என்ன குறை, கோரின்?

— ரோட்டோரம் போற மின்கம்பிய நீ அன்னிக்குப் பாக்கவே இல்ல, டெல்மர். காத்து ஒண்ணும் நம்மளத் தூக்கல. என் பக்கத்துக் கைப்பிடிய இழுத்தது நான்.