கோமளாவுக்கு ஏசி அறை

சென்னையில் ஏசி இல்லாமல் உருப்படியாக ஒரு வேலையும் நடக்காது. இந்த விசாரணை அறையில் அது நன்றாகவே ஓடுகிறது. முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன். வேலப்பன்சாவடியில் எங்கள் ஆய்வகத்துக்கு ஏசி வாங்க நான் நிர்வாகத்திடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை; ஒருவழியாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

என் துறை ரத்தம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய் நம் ரத்தத்தையே தாக்கும் நோய்கள் இருக்கின்றன. அதில் ஒரு வகை, குளிர் பட்டால்தான் வேலையைக் காட்டும். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உடையும். விரல் நுனி நீலமாகும். நம் ஊர் வெயில் அதைத் தலைதூக்க விடுவதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

அப்போதுதான் கோமளா வந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலில் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். மழைக்காலத்தில் விரல் நீலமாகிறது, மூச்சு வாங்குகிறது என்றார். அவர் ரத்தத்தை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். பால் திரிந்த மாதிரி ஆகிவிட்டது. குழாயை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன்; சூடு ஏற ஏற மறுபடி சாதாரண ரத்தமாக இளகியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரை அதுவரை காப்பாற்றியது அந்த அடுப்புதான். நாளெல்லாம் ஆவியில் நிற்பவருக்கு இந்த நோய் எங்கே முற்றும்? குளிரில் போகாதீர்கள் என்று சொல்லி, உரிய ஊசியும் போட்டிருந்தால் பேரன் பேத்தி எடுத்திருப்பார். அது எந்த டாக்டரும் செய்கிற காரியம். நான் அவருக்கு வேலை கொடுத்தேன்.

ரத்தம் கம்மியாக இருக்கிறது, அடுப்புப் பக்கமே போகாதீர்கள் என்றேன். சாம்பிள் அறையில் குழாய்களுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் வேலை, நாள் முழுக்க ஏசி. அவர் கணவர் ஏகாம்பரம் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். பழத்தட்டோடு வந்து என்னைக் கும்பிட்டார்.

"இன்னா டாக்டரம்மா, ஊட்ல ஃபேன் காத்தே அனலா கீது. இங்க வந்தாத்தான் உசுரே வருது," என்பார் கோமளா. எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. மதியத்தில் ஜில்லென்று ரோஸ்மில்க் கலந்து என் கையாலேயே கொடுப்பேன். பிறகு கொஞ்சம் ரத்தம் எடுப்பேன். அவர் வெளுக்க வெளுக்க என் ஆய்வுக் கட்டுரை நீண்டது.

ஒருநாள் சால்வை போர்த்திக்கொண்டு வந்தார். ஆய்வகத்தில் நூல் உதிரும், கூடாது என்றேன். உடனே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை விடுமுறையில் கோமளா ஆசைக்கு இட்லி வண்டியைப் போட்டிருக்கிறார். "ஒடம்பு தேவலாம் போல கீது. பழைய பொழப்புக்கே போயிரட்டா?" என்று கேட்டார். என் கட்டுரை பாதிகூட முடிந்திருக்கவில்லை. ஆனால் நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. கூட வந்திருந்த ஏகாம்பரமே, "ஏசி வேலைய எவனாவது உடுவானா? பைத்தியமா உனுக்கு? போய் உக்காரு," என்று அதட்டி அனுப்பினார். கோமளா போய் உட்கார்ந்தார்.

என்னோடு ஆய்வு செய்த வர்ஷா, "மேடம், இவங்களுக்குக் குளிரே ஆகாதே. எதுக்கு இங்க உக்கார வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கேட்ட விதம் பிடிக்கவில்லை. அவளை வேறு பிரிவுக்கு மாற்றினேன். இப்போது உங்கள் முன்னால் இருப்பது அவள் புகார்தான். படித்துப் பார்த்தேன். தகவல்கள் எல்லாம் சரி, நடைதான் சுமார்.

மார்கழியில், மழை விடாமல் பெய்த ஒரு நாள், கோமளா நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். கையில் ஒட்டாத லேபிள் ஒன்று இருந்தது.

உடம்பை வைக்க வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி ஏற்பாடு செய்ததும் நான்தான். ஏகாம்பரம் அதன் கண்ணாடி மேல் தலையை வைத்து, "கடைசி காலத்துலயாவது சொகமா இருந்தா டாக்டரம்மா, எல்லாம் உங்க புண்ணியம்," என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோமளாவின் விரல் நுனிகளைக் குனிந்து பார்த்தேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். என்ன நோய் என்று தெரியும். என்ன மருந்து என்றும் தெரியும். எது கொல்லும் என்று தெரிந்துதான் அதில் உட்கார வைத்தேன். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. கொடுமைப்படுத்தினேன் என்று வர்ஷா எழுதியிருக்கிறாளே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த நாள் முதல், அந்தப் பெண்ணை நான் வெயிலில் நிற்க விட்டதே இல்லை.