வரி ஆரம்பிக்கும் இடம்

வெயிலில் வந்திருக்கிறீர்கள் சார், முதலில் மோரைக் குடியுங்கள். மலர்க்கொடி உத்திரமேரூர் ரைஸ் மில்லுக்குத் தவிடு அள்ளப் போயிருக்கிறாள். உங்கள் வகுப்பை ஏன் விட்டாள் என்றுதானே கேட்க வந்தீர்கள்? அண்ணன்காரன் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா போனதும் நான் அதே மில்லில் மூட்டை தூக்கினேன், அவள் படித்தாள். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். அப்போதே என் மீசை நரைத்திருந்தது. வயதான பிறகு படித்தவன் ஒவ்வொரு வரியும் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துத்தான் பார்ப்பான். நீங்கள் செல்போனில் நடத்திய வெப்சைட் பாடத்துக்கு அது உதவியது. ஃப்ரேம்வொர்க் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளைகளில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை இடம் விட்டுத்தான் காட்ட வேண்டுமாம். தள்ளி நிற்க வேண்டிய வரி முன்னால் வந்தால் வேலை கெட்டுவிடும். அவள் தவறுவதெல்லாம் அங்கேதான். நான் விரலை ஓட்டிக் கண்டுபிடிப்பேன்.

"இன்னாண்ணா, மூட்டை அடுக்கற மாதிரி பாக்கற. பேசாம நீ கம்பெனிக்குப் போ, நான் மில்லுக்குப் போறேன்" என்று சிரிப்பாள்.

பிறகு தப்புகளை அவளே கண்டுபிடிக்கத் தொடங்கினாள். என்னைக் கூப்பிடுவது குறைந்தது. அதனால், அவள் குளிக்கப் போகும்போது லேப்டாப்பில் ஏதாவது ஒரு வரியை முன்னால் இழுத்துவைப்பேன். தேடித் தேடி அழுவாள். நான் வந்து விரல் வைப்பேன்.

"நேத்து நல்லாத்தாண்ணா இருந்திச்சி. என் மூளைதான் பேஜாராய்க்கினு கீது போல" என்பாள். தலையைத் தடவிக்கொடுப்பேன்.

சென்னையில் ஒரு கம்பெனி, பரீட்சையாக ஒரு வெப்சைட் செய்து அனுப்பச் சொன்னது. சரியாக இருந்தால் வேலை. அங்கேயே தங்க வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் மட்டும் திறக்க வேண்டிய பக்கம் அதில் ஒன்று. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வரிக்குள் அடங்கியிருந்த திறக்கும் வரியை வெளியே இழுத்துவிட்டேன். இனி யார் எதைத் தட்டினாலும் திறக்கும். அவளோ எப்போதும் சரியான பாஸ்வேர்டைத்தான் போட்டுப் பார்ப்பாள். தப்பானதைப் போட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றாது.

அனுப்பும் முன் கூப்பிட்டாள். "ஒரு தபா வெரல் வெச்சிப் பாருண்ணா. நீ பாத்தாதான் எனுக்கு நம்பிக்கை."

மேலிருந்து கீழே நிதானமாக ஓட்டினேன். அந்த வரியில் விரல் நிற்கவில்லை.

"எல்லாம் கரெக்டா கீதும்மா."

கதவே இல்லாத வீடு கட்டியிருப்பதாகக் கம்பெனியில் எழுதினார்கள். அவள் அழவில்லை. லேப்டாப்பைப் பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். நான் அவளை மில்லில் சேர்த்துவிட்டேன்.

இப்போது எதைப் படித்தாலும் அவளுக்குச் சந்தேகம். பஸ் வந்தால் பலகையைப் படித்துவிட்டு, "காஞ்சிபுரம் போறது இதுதானேண்ணா?" என்று என் முகத்தைப் பார்க்கிறாள். அதனால் சாயங்காலம் பேப்பரை விரித்து, விரல் வைத்துப் படிக்கச் சொல்லித்தருகிறேன். சரியாகத்தான் படிக்கிறாள். இருந்தாலும் அவ்வப்போது தப்பு என்று சொல்லிவைக்கிறேன்.

மோர் அப்படியே இருக்கிறதே, சார். இவ்வளவு பொறுமையாகத் திருத்துகிற அண்ணன் எந்தப் பெண்ணுக்குக் கிடைப்பான், நீங்களே சொல்லுங்கள்.