குப்புறக் கிடந்தவனுக்குக் குரல்

லைட்டைப் போடாதீங்கடா... அம்மா முழிச்சுக்குவாங்க. கிட்ட வாங்க. சத்தமா சொல்ல முடியாது.

நம்ம சோடாபுட்டி இருக்கான்ல, அவன் அண்ணனுக்கு நடந்தது. ஆரம்பிச்சது ராத்திரிகூட இல்ல. மத்தியானம் மூணு மணி. குடோனுக்குப் பின்னாடி ரோடு... வெயில்ல ஒரு நாய்கூட இல்ல. அண்ணன் தனியா நடந்து வந்தாரு. கைல ஒரு பழைய சண்டைப் பட சிடி. பழைய சாமான் கடைல எடுத்தது. மேல பேர் எதுவும் இல்ல. ஈரச் சாக்கு வாசனை அடிச்சுதாம்.

அவங்க குரூப் என்ன பண்ணுவாங்கன்னு தெரியும்ல? குடோன் மாடில திரை கட்டி, படத்தோட சத்தத்தை மொத்தமா அணைச்சிடுவாங்க. அப்புறம் மைக்கைப் பிடிச்சு, வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க. ரெண்டு பேரு கத்தியோட பறந்து வந்து மோதுவாங்க... ஹீரோ சொல்லுவான், "என் சட்டையை ஏன்டா போட்ட?" வில்லன் சொல்லுவான், "அம்மாதான் எடுத்துக்கச் சொன்னாங்க." கத்திச் சத்தத்துக்கு ரெண்டு கரண்டி. குத்துக்கு ஈரத் துண்டு. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ரெண்டே ரூல். படத்தை முன்னாடியே பாக்கக் கூடாது. திரைல யாரு வாய் அசைஞ்சாலும் குரல் கொடுத்தே ஆகணும்... வாய் நிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது.

அண்ணனுக்கு ஹீரோ வேஷம் எல்லாம் இல்ல. பின்னாடி நிக்கிறவன், அடி வாங்கி விழுறவன், எல்லாம் அவருதான்.

அன்னைக்கு சாயந்தரம் போட்ட அந்த சிடில ஒரு சண்டை சீன். தரையெல்லாம் பொணம். திடீர்னு அண்ணன் மைக்கை எடுத்தாரு. "மெதுவா மிதிங்கப்பா... கீழ ஆள் படுத்திருக்கேன்ல?"

செம சிரிப்பு.

அண்ணன் நிறுத்தல. "குளிருது... யாராவது திருப்பிப் போடுங்க... ரொம்ப நாளா இப்படியே கிடக்கேன்..."

கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. அப்புறம் யாரும் சிரிக்கல. சண்டை முடிஞ்சு வேற சீன் வந்துடுச்சு. அண்ணன் இன்னும் பேசிட்டே இருக்காரு. கரண்டி பிடிச்சிருந்தவன் படத்தை நிறுத்திட்டு, "யாருக்குடா பேசுற?"ன்னு கேட்டான்.

"அந்தப் பொணத்துக்கு. வாய் அசைஞ்சுதே... நீ பாக்கல?"

பின்னாடி ஓட்டிப் பாத்தாங்க. அந்த ஆள் குப்புறக் கிடக்கான். மூஞ்சியே தெரியல.

அன்னைக்கு வீட்டுல சாப்பிடுறப்ப அண்ணன் வாயை அசைச்சாரு. சத்தம் இல்ல. வாயை மூடினாரு. அப்புறம்தான் கேட்டுது... "தண்ணி கொடும்மா."

வித்தை காட்டுறாருன்னு அவங்கம்மா சிரிச்சாங்களாம்.

மறுநாள் இன்னும் லேட்டா வந்துது. டாக்டர் தொண்டைல ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. இப்ப காலைல வாயை அசைச்சா குரல் சாயந்தரம் வருது. அவரு வெளிய போயிருந்தாலும் வருது. சமையல்கட்டுல, ஆள் இல்லாம. அவங்கம்மா பழகிட்டாங்க. திரும்பிக்கூடப் பாக்காம, "மேசைல வெச்சிருக்கேன், எடுத்துக்கோ"ன்னு அந்தக் குரலுக்குப் பதில் சொல்றாங்க. நான் நேர்லயே பாத்தேன். எனக்கு அழுகைகூட வரல. மரத்துப் போன மாதிரி இருந்துது.

ஏன் இப்ப சொல்றேன்னா... அந்தப் படம் பாதில நிக்குது. ஞாயித்துக்கிழமை முடிக்கணுமாம். அண்ணன் இடத்துல என்னைப் பேசச் சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்.

பயத்துல ரூலை மீறிட்டேன். சிடியை வாங்கிட்டு வந்து, இன்னைக்கு மத்தியானம் ரூமைச் சாத்திட்டு, சத்தத்தை அணைச்சுட்டுப் பாத்தேன். எது அசைஞ்சாலும் பேசிடக் கூடாதுன்னு வாய்ல துண்டை வெச்சுக் கடிச்சுக்கிட்டேன்.

அந்த சீன் வந்துது. ஆளுங்க மிதிக்கிறாங்க. அவன் கிடக்கான்.

குப்புற இல்ல. மல்லாந்து.

நான் வாயைத் திறக்கலடா. துண்டுல பல் பதிஞ்சிருக்கு, தொட்டுப் பாரு...

சீன் முடிஞ்சுது. கதவைத் திறந்தா அம்மா துணி மடிச்சிட்டு இருந்தாங்க. தலையைக்கூடத் தூக்கல.

"நல்லாத்தான் பேசிப் பழகுற... ஆனா அந்த 'திருப்பிப் போட்டதுக்கு தேங்க்ஸ்'னு சொன்னது இருக்கே, அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க."