ஸெலீயின் தோளில் விழுந்த நீலம்

அவைத்தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மேயர் தெசியே அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே! மடியில் மழலையும் மனத்தில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! மார்ன் ஆற்றங்கரையில் முழங்கால் தேயத் துவைத்து ஊர் மானம் காக்கும் என் தோழியரே! சலவைக்காரி ஒனொரினின் வணக்கம்.

தவக்கால நோன்பின் நடுநாளில் சலவைக்காரிகள் தங்களுள் ஒருத்தியை ராணியாக்கி மேடையேற்றுவது நம் வழக்கம். இந்த ஆண்டு மகுடம் என் தலையில். என்ன சொன்னீர்கள், காகித மகுடமா? காகிதம்தான் ஐயா! ஆனால் இன்று மாலை வரை என் வாயை மூட மேயராலும் முடியாது!

என் பின்னால் சுவரில் தொங்குகிறதே ஓவியர் ஒப்ராக்கின் படம், அதைப் பற்றித்தான் பேச வந்தேன். ஆற்றில் மூன்று பெண்கள் குளிக்கிறோம். முதுகு காட்டி நிற்பவள் நான். அந்த அகலத்தைப் பார்த்த பிறகுமா சந்தேகம்? சிரியுங்கள், சிரியுங்கள்! நடுவில் நிற்பவள் ஸெலீ, என்னோடு துவைப்பவள். அவள் தோளில் நீலம், கழுத்தில் ஊதா.

படம் மாட்டிய மறுநாளே ஊர்வாய் திறந்துகொண்டது. "அடியே, ஸெலீயப் பாத்தியா? ஒடம்பெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கா. போன வருசம் காலரா கண்டவங்களும் இப்படித்தானே ஆனாங்க!" "ஐயையோ, அவகிட்டயா என் புள்ளத் துணியப் போட்டேன்?" அவ்வளவுதான். அவள் நம்பியிருந்த வீடுகள் அத்தனையும் அழுக்கு மூட்டையை நிறுத்திவிட்டன. அவள் அடுப்பு எப்படி எரியும்? இப்போது படத்தை இறக்கிவிடலாம் என்கிறது நகர்மன்றம். இறக்கினால் என்ன பொருள்? ஸெலீக்கு நோய் என்று ஊரே கையெழுத்துப் போட்டதாகப் பொருள்!

எனக்கும் கோபம் வந்தது. ஓவியரிடமே போய்க் கேட்டேன். "ஏன்யா, எங்க தோலுக்கு வேற கலரே கெடைக்கலியா?" "மரநிழல்ல நின்னீங்கம்மா. நிழல்ல வானத்து நீலம் விழுதே! கண்ணு பாத்ததத்தான் கை போட்டுது" என்றார்.

என் கோபம் அங்கேயே கரைந்தது. ஏன்? வெள்ளையை வெள்ளையாக்குவது எது? சோப்பா? சாம்பல் தண்ணீரா? கடைசி அலசலில் நாங்கள் கலக்கும் நீலம்! உங்கள் மேசை விரிப்பில் நீலம், மணப்பெண்ணின் முக்காட்டில் நீலம், பாதிரியாரின் அங்கியில் நீலம்! அவற்றுக்கெல்லாம் காலராவா? துணி மினுங்க நீலம் வேண்டும், தோள் மினுங்க வேண்டாமா?

பின்னாலிருந்து யாரது? "நீ போவியா அவ வீட்டுக்கு?" என்றா கேட்கிறீர்கள்? நேற்று அவள் கடித்து வைத்த ரொட்டியின் மிச்சத்தைத் தின்றேன் ஐயா. இதோ நிற்கிறேன், உங்களைவிடக் குண்டாக!

எங்களுக்கு ஓட்டு இல்லை. அதைக் கேட்க இன்று வரவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமையன்று முதல் மூட்டையை ஸெலீயிடம் கொடுப்பவர் யார்? யார்?

ஒருவருமில்லையா? இத்தனை பேரில் ஒருவருமில்லையா?

தலைவரே, ஏன் எழுந்துவிட்டீர்கள்? என்ன, கழுத்துப்பட்டியையா கழற்றுகிறீர்கள்? ஸெலீ துவைக்கவா? மேயரின் மனைவியாரே, தடுக்காதீர்கள், கழற்றட்டும்! ஏ ஸெலீ, கடைசி வரிசையில் என்னடி தலைகுனிவு? எழுந்து வா! இந்தப் படத்துக்கு அடியிலேயே நின்று வாங்கிக்கொள், ஊர் பார்க்கட்டும்!

வெறுங்கழுத்தோடு நிற்கும் தலைவருக்கும், கைதட்டும் உங்கள் அனைவருக்கும் நன்றி. படம் இறங்காது, நான் இறங்குகிறேன். வணக்கம்!