குளத்தில் குதிக்கப் போகிறவள்

நாகர்கோவிலிலிருந்து முட்டம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். மீன் விற்றுத் திரும்புகிறவர்கள். காலடியில் காலிப் பாத்திரங்கள்.

“நாளைக்கு நான் குளத்துல சாடப் போறேன்,” என்றாள் நீலச் சேலைக்காரி.

“ஏட்டி, மெல்லப் பேசு! சாவப் போறேன்னு நெனைப்பாவ,” என்றாள் தோழி.

“நெனைக்கட்டு. எங்க சேவை சங்கத்துல பொம்பளையளுக்கு நீச்சல் படிப்பிக்காவ.”

“இந்த வயசுல நீச்சல் என்னத்துக்கு?”

“தங்கச்சி மவள அலை இழுத்துட்டுப் போனப்ப கரையில நின்னு கூப்பாடுதான் போட்டேன். யாரோ சாடித் தூக்குனாவ, பிள்ளை பிழைச்சா. கடப்பொறத்துல பொறந்தும் அன்னைக்கு எனக்கு நீந்தத் தெரியல பாத்தியா?”

தோழி அவள் பக்கம் திரும்பினாள். “பயமில்லியா?” என்று கேட்டாள்.

“இருக்கு. மொத நாளு படியில இருந்து அழுதேன். சங்கத்துக்காரியெல்லாம் எறங்கி, கையக் கோத்து வட்டமா நின்னு, என்னை நடுவுல விட்டாவ. இப்ப நீந்துவேன். நாளைக்கு மேல்படியில நின்னு சாடணும். சாடுவேன்.”

முட்டம் வந்தது. தோழி பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“காலையில என்னையும் விளி.”

“வேடிக்கை பாக்கவா?”

“இல்ல. மாத்துத்துணி எடுத்துட்டு வாறேன்.”