இடது பெருவிரல் கேட்ட காகிதம்

செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா, திருமுல்லைவாயில் கிராமத்திலிருக்கும் தசரதன் சம்சாரம் வேம்புலியம்மாள், வயது சுமார் இருபத்து நான்கு, பயிர்த்தொழில், 1946-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகிச் சொன்ன வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் புருஷரோடு குடியிருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் புருஷர் நான்கு வருஷத்துக்கு முன் பட்டாளத்தில் ரோடு போடும் பிரிவில் சேர்ந்தார். அவருக்கும் படிப்பில்லாததால், சேரும்போது இடது பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு மணிப்பூர் பக்கம் குண்டு விழுந்ததில், அவருடைய இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பல மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, 1944-ம் வருஷம் கார்த்திகை மாதம் வீட்டுக்கு வந்தார். மெடிக்கல் போர்டு கூடி ஊனம் எவ்வளவு என்று எழுதிய பிறகுதான் பென்ஷன் என்றும், ஒரு மாதத்தில் கூப்பிடுவார்கள் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

முதல் தடவை கூப்பிட்டபோது ஆவடியில் ரயிலேறிப் பட்டணம் போனோம். டாக்டர் துரை மாற்றலாகிவிட்டார், வேறு துரை வந்ததும் எழுதுகிறோம் என்றார்கள். அதன் பிறகு ஏழு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். போனால், எங்கள் காகிதம் வேறு ஊருக்குப் போயிருக்கிறது என்றார்கள். என் புருஷர் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது, "நம்மளவிட அந்தக் காயிதம் நல்லா ஊர் சுத்துது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் நடந்ததையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். கேசுக்குச் சம்பந்தமில்லை என்று ஏட்டையா சொன்னார். அதுதான் சம்பந்தம் என்று நான் சொன்னதன் பேரில் எழுதிக்கொண்டார். என் புருஷர் வந்த புதிதில் ஒரு நாள் கிணற்றடியில் ஈர வேட்டியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். நான் போய், பல்லிலிருந்த முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அன்று முதல் நான் பிடிக்க அவர் பிழிகிறார். ஏர் ஓட்டும்போது மேழியை அவர் பிடிக்கிறார், மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கூட நடக்கிறேன். ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சில நாள், இல்லாத கை அரிக்கிறது என்பார். கை இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தில், பாயின் மேல் என் கையை வைப்பேன். அரிப்பு நின்றுவிட்டது என்பார். நிஜமாக நின்றதா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியாது. நான் கேட்டதில்லை.

அதன் பிறகு இந்த வருஷம் தை மாதம் பென்ஷன் பாரம் ஒன்று வந்தது. ஆவடி டிப்போவில் குமாஸ்தா வேலை பார்க்கும் அந்தோணிராஜ் அதைப் பூர்த்தி செய்து கொடுத்தார். என் புருஷர் வலது பெருவிரல் ரேகை வைத்தார். சேர்ந்தபோது வைத்தது இடது பெருவிரல், அதையே வைத்து அனுப்பவும் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். "அது மணிப்பூர் மலையில புதைஞ்சு கீது. போயி தோண்டி எடுத்துகினு வரட்டா?" என்று என் புருஷர் கேட்டார். அதன் பிறகு, இவருக்கு இடது கையே இல்லை என்று அந்தோணிராஜ் இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். அதற்கும் பதில் வந்தது. கை இல்லை என்பதை மெடிக்கல் போர்டுதான் சொல்ல வேண்டும், போர்டு பார்க்க வேண்டுமானால் இடது பெருவிரல் ரேகை வேண்டும், மே மாதக் கடைசிக்குள் வராவிட்டால் விசாரணையை முடித்துவிடுவோம் என்று இருந்தது. அதைப் படித்துச் சொல்லிவிட்டு அந்தோணிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். என் புருஷர் அன்று சாப்பிடவில்லை.

மே மாதம் 27-ந் தேதி, அவர் வைக்கோல் விற்கப் பாடிக்குப் போயிருந்த சமயம், விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, என்னுடைய இடது பெருவிரலை அந்தப் பாரத்தில் வைத்தேன். நானே தபாலில் போட்டேன். அவருக்கும் அந்தோணிராஜுக்கும் அன்று இது தெரியாது. அது பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒன்றரை வருஷமாக அவருக்கு இடது கை நான்தான். இடது கை ரேகை கேட்டார்கள், வைத்தேன். ஒன்றரை வருஷமாக அவரைப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு, ரேகை பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துப் போலீசுக்கு எழுத ஒன்பது நாள் போதுமாக இருந்தது.

நேற்று என் புருஷர் இங்கே வந்து, அந்த இடது பெருவிரல் ரேகையைத் தாமே வைத்ததாகச் சொல்லிவிட்டுப் போனார் என்று ஏட்டையா சாயங்காலமே ஆள் அனுப்பிச் சொன்னார். எந்தக் கையால் வைத்தார் என்று ஏட்டையா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். இன்று வரும் வழியில், "இன்னாத்துக்குய்யா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "உன்ன உள்ள வச்சுட்டா துணிய யாரு புடிப்பா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இப்போது வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்.

என் மேல் கேஸ் போடுவதில் எனக்கு ஆட்சேபணையில்லை. செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய பென்ஷன் விசாரணையை மூடிவிடக் கூடாது. அவருக்கு இடது கை இருந்தால் நான் ஏன் என் விரலை வைக்கப் போகிறேன்? ஆகையால் இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். கை இல்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி.

ஏட்டையா இதை முழுவதும் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. யாரும் மிரட்டிச் சொன்னதல்ல. கீழே இருப்பது என்னுடைய விரல். இந்தத் தடவை என் பெயருக்கே வைக்கிறேன்.

வேம்புலியம்மாள்
இடது பெருவிரல் ரேகை